பழைய காரின் சீட்டுக்கு எதைப் போடுவது?

பழைய கார் வைத்திருப்பவர் சீட்டை மாற்றப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவர்கள் எல்லோரும் 'லெதர் போட்டுடுங்க' என்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் டபிள்யூ123. 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் வெளிவந்த வரிசை, அதனால் கிடைத்தற்கரிய பொருள் ஒன்றும் இல்லை. எஞ்சின் நன்றாக இருந்தது, பாடியும் பரவாயில்லை. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம்தான் தையல் விட்டு, உள்ளே இருந்த பழுப்பு நார் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் நான் லெதர் போடவில்லை. லெதர் மோசம் என்பதால் அல்ல, என் காருக்கும் நான் அதை ஓட்டும் விதத்துக்கும் அது தேவைப்படவில்லை. அந்த முடிவுக்கு வருவதற்குள் தெரிந்துகொண்டவை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கார் தொழிற்சாலையிலிருந்து எதைப் போட்டுக்கொண்டு வந்தது என்று கண்டுபிடிப்பது. மெர்சிடிஸ் என்றால் டேட்டா கார்டு என்ற தொழிற்சாலை விவர அட்டை உண்டு. அதில் உள்ளலங்காரத்துக்கான மூன்று இலக்க எண் இருக்கும். 1-ல் தொடங்கினால் எம்பி-டெக்ஸ் என்ற வினைல், 2-ல் தொடங்கினால் லெதர். என் காருடையது 1-ல் தொடங்கியது. ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி போன்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வகையறா என்றால் இங்கிலாந்தில் கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பல மாடல்களுக்கு அதில் சீட்டின் நிறம்கூட இருக்கும். காகிதம் எதுவும் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, கம்பியில் மடித்து மாட்டியிருக்கும் உறையின் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே வெயிலும் படவில்லை, ஆளும் உட்காரவில்லை. என் சீட்டின் மேற்பரப்பு வெளுத்த சாம்பல் நிறம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மடிப்புக்குள் இருந்தது அழுத்தமான நீலம், புள்ளி புள்ளியான தோல் அச்சுகூட அப்படியே கூர்மையாக இருந்தது. அதில் உள்ளங்கை அளவு வெட்டிப் பத்திரப்படுத்தினேன். பின்னால் நிறம், அச்சு, பளபளப்பு என ஒவ்வொன்றையும் ஒப்பிட அந்தத் துண்டுதான் கைகொடுத்தது.

லெதர்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் அதற்குக் கீழே என்ற வரிசை பழைய கார்களின் காலத்தில் அப்படி இருக்கவில்லை. கார் பிறந்த காலத்தில் ஓட்டுநர் பெரும்பாலும் திறந்த வெளியில் உட்கார்ந்தார். மழையும் புழுதியும் அவர் மேல் விழும் என்பதால் முன் இருக்கைக்குத் தோல். மூடிய பின்பகுதியில் உட்கார்ந்த முதலாளிக்கோ மெத்தென்ற கம்பளித் துணி. பெரிய லிமோசின்களில் முன்னால் தோல், பின்னால் துணி என்ற வழக்கம் வெகு காலம் தொடர்ந்தது. தோல் அன்றைக்கு உழைப்பவனுக்கான பொருள்! அதே போல 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் உடம்பு படும் முகப்புக்கு மட்டும் தோல் போட்டு, பக்கங்களையும் முதுகுப்புறத்தையும் வினைலால் மூடியிருப்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, தேய்கிற இடத்துக்கு எது, தேயாத இடத்துக்கு எது என்று யோசித்துச் செய்தது. இன்றைக்கு அந்தக் காரில் முழுக்க முழுக்க லெதர் போட்டால் அது தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட ஆடம்பரமாக இருக்கும், ஆனால் அந்தக் காராக இருக்காது.

சாம்பிள் புத்தகங்களோடு குஷன்காரரிடம் போனேன். வயதானவர், பேச்சு குறைவு. புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. "உள்ளே என்ன இருக்குன்னு மொதல்ல பார்ப்போம் தம்பி. துணியைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயம். சீட் உறை கிழிவதற்குப் பாதிக் காரணம் உறையில் இல்லை. இந்தக் கார்களில் ஸ்பிரிங் கூட்டின் மேல் ஒரு கோணித் துணி, அதன் மேல் ரப்பர் பால் தெளித்துக் கெட்டியாக்கிய நார்ப் பட்டை, அதற்கு மேல்தான் உறை. நாளாக ஆக ரப்பர் உலர்ந்து நார் பொடியாகிவிடும். காருக்குள் தரையில் காபித்தூள் மாதிரி எதுவோ அடிக்கடி விழுந்து கிடந்தால் அது இந்த நார்தான். பட்டை அமுங்கிப் போனதும் உட்காருகிற ஒவ்வொரு தடவையும் உறை தன் அளவுக்கு மீறி உள்ளே இழுபடுகிறது. அந்த இழுப்பு முழுவதும் தையலுக்குப் போகிறது. அங்கே எவ்வளவு உசத்தியான தோலைப் போட்டாலும் தையல் துளை பெரிதாகிக் கிழியத்தான் செய்யும். என் சீட்டின் கதவுப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் முறிந்து, முனை கோணியைத் துளைத்து மேலே வந்திருந்தது. ஏறி இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் விழும் இடம் அது.

நார்ப் பட்டைக்குப் பதிலாக ஃபோம் போடலாமா என்று கேட்டேன். போடலாம்தான், பலர் போடுகிறார்கள். ஆனால் நார் காற்றை உள்ளே விடும், ஃபோம் அந்த அளவுக்கு விடாது. உறையும் காற்றுப் புகாத வினைல் என்றால் முதுகு நனைந்துவிடும். தவிர, கொஞ்சம் தடிமன் கூடினாலும் உட்காரும் உயரம் மாறி, தலை கூரைக்குக் கிட்டே போகும், ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும். பழைய பட்டை அமுங்கிய நிலையில் இருக்கும் உயரத்தை அளந்து ஃபோம் வெட்டக் கூடாது, புதிதாக இருந்தபோது என்ன உயரமோ அதற்கு வெட்ட வேண்டும். நான் அதே வகை நார்ப் பட்டையைத் தேடி வாங்கினேன். மொத்த வேலையில் இதற்குச் செலவழித்ததுதான் எனக்கு மிகவும் திருப்தி.

சரி, இப்போது மேலே போடும் பொருளுக்கு வரலாம்.

லெதர் என்று கடையில் சொன்னால் நான்கைந்து விதமான பொருள்கள் முன்னால் வந்து விழும். தோலின் மேல் படலம் அப்படியே இருப்பது ஒன்று. மேல் படலத்தைத் தேய்த்துத் தழும்புகளை நீக்கி, நிறமி பூசி, செயற்கையாக அச்சு பதித்தது இன்னொன்று. தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த அடிப்பகுதிக்கு மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது மூன்றாவது. கடைசி வகை பார்க்க அழகாக இருக்கும், உட்காரும் இடத்துக்கு ஆகாது. மேல் படலம் இல்லாத தோலுக்கு இழுவிசை தாங்கும் வலு குறைவு. நிறமி பூசாமல் சாயம் மட்டும் ஏற்றிய தோல் தொட்டால் வெண்ணெயாக இருக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும், தண்ணீர் பட்ட இடம் கறையாக நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சு இல்லாத தோல், முத்தாக நின்றால் பூச்சு உள்ளது. தினமும் ஓட்டும் காருக்குப் பூச்சு உள்ளதே சரி.

பதப்படுத்தும் முறையும் கணக்கில் வரும். மிகப் பழைய கார்களில் மரப்பட்டைச் சாறில் பதப்படுத்திய தோல் இருக்கும். அது வெப்பத்தில் சுருங்கி, கெட்டியாகி, வெடிக்கும். குரோமியம் உப்பில் பதப்படுத்தியது மென்மையானது, சூட்டையும் அதிகம் தாங்கும், இப்போது கார்களுக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான். பிரிட்டிஷ் கார் பிரியர்கள் 'கானலி தோல்' என்று உருகுவதைக் கேட்டிருப்பீர்கள். 1878-ல் தொடங்கி ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் முதலிய கார்களுக்குத் தோல் கொடுத்த அந்தப் பழைய நிறுவனத்தின் தொழிற்சாலை 2002-ல் மூடப்பட்டது. அதனால் ஒரு சுருளைக் காட்டி 'கானலி' என்று யாராவது சொன்னால், எப்போது, எங்கே பதப்படுத்தியது என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

தடிமன் 1 முதல் 1.3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் மடிப்புகளில் மூட்டை மூட்டையாக நிற்கும், பைப்பிங் என்ற ஓர வரம்பைத் தைக்க ஊசி தடுமாறும். தோலை மீட்டர் கணக்கில் வாங்க முடியாது, முழுத் தோலாகத்தான் வாங்க வேண்டும். ஒரு மாட்டுத் தோல் சுமார் 50 சதுர அடி வரும். அதில் ஓரம், தழும்பு, துளை என்று கால் பங்குக்கு மேல் கழிந்துவிடும். எஞ்சியதிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, அதில்தான் உட்காரும் இடத்தை வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், திரும்பி வராது. அது சீட்டின் பின்புறத்துக்கும் கீழ்ப் பாவாடைக்கும் ஆகும். உங்கள் குஷன்காரர் தோலை விரித்துப் போட்டுச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். விரித்ததும் கத்திரியை எடுப்பவரிடம் தோல் வேலை கொடுக்காதீர்கள்.

பிறகு பராமரிப்பு. தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். மூடிய ஷெட்டில் மாதக் கணக்கில் நிற்கும் கார் என்றால் பூஞ்சை பிடிக்கும். திறந்த வெளியில் நிற்கும் கார் என்றால் உலர்ந்து வெடிக்கும். வாரக் கடைசியில் எடுத்து ஓட்டி, துடைத்து, நிழலில் நிறுத்த நேரமும் இடமும் இருப்பவர்களுக்கு லெதரைப் போல வேறு எதுவும் வராது, உண்மைதான். என் கார் பெரும்பாலும் வெயிலில் நிற்கும் கார். 2018-ல் அரிசோனாவில் நடத்திய ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியசும், சீட் 50 டிகிரிக்குச் சற்று மேலும் சூடாகியிருந்தன. இந்தச் சூட்டைத் தினமும் வாங்கி இறக்கும் பொருளைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

அடுத்தது, நாம் எல்லோரும் ரெக்சின் என்று அழைக்கும் குடும்பம். அந்தப் பெயரில் முதலில் பிரிட்டனில் வந்தது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய பருத்தித் துணி. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார்களில் கதவுப் பலகையிலும் சீட்டின் பக்கங்களிலும் இருப்பது அதுவாக இருக்கலாம். இன்றைக்குக் கிடைப்பது இரண்டு: வினைல் என்று நாம் சொல்லும் பிவிசி, பாலியூரித்தேன் என்ற பியு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் பலர் சொல்வதில்லை. கையில் வாங்கிப் பார்த்தால் பியு தான் மென்மையாக, தோல் போலவே இருக்கும், மயங்கிவிடுவோம். ஆனால் மலிவான பியு ஈரக் காற்றிலும் சூட்டிலும் ரசாயன ரீதியாகச் சிதையும். சில வருடங்களில் மேல் படலம் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். பழைய சோபாக்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். பாலிகார்பனேட் வகை பியு இதைவிட நன்றாகத் தாங்கும், வாங்குவதானால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிவிசி அப்படி உரியாது. அதன் பிரச்சினை வேறு. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். வளைந்து கொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பதமான பொருளைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். புதிய சீட் போட்ட காரில் முன்கண்ணாடியின் உட்புறம் வழுவழுவென்று ஒரு படலம் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் போகப் போக உறை விறைத்து, மடிப்பில் வெடிக்கும். தரமான கார் வினைலில் சீக்கிரம் ஆவியாகாத வகையைச் சேர்த்திருப்பார்கள். சோபாவுக்கு விற்கும் சுருளுக்கும் காருக்கு விற்கும் சுருளுக்கும் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். தின்னர், பெட்ரோல் போன்றவற்றால் துடைத்தால் இந்த எண்ணெயை நாமே இழுத்து வெளியே போட்டதாக ஆகும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

வினைலைத் திருப்பிப் பாருங்கள், தீர்மானம் பாதி அங்கே இருக்கிறது. பின்னால் பின்னல் துணி ஒட்டியிருந்தால் இரண்டு பக்கமும் இழுபடும், வளைவுகளில் சுருக்கம் இல்லாமல் உட்காரும். நெய்த துணி என்றால் அதிகம் இழுபடாது. தட்டையான கதவுப் பலகைக்கு நல்லது, உருண்ட ஓரங்களில் மடிப்பு விழும். சீட்டின் நடுப்பகுதிக்குத் துளையிட்ட வினைல் கிடைக்குமானால் அதையே எடுங்கள், கீழே நார்ப் பட்டை இருந்தால் காற்று உண்மையாகவே போய் வரும். ஃபோம் இருந்தால் அந்தத் துளைகள் பாதிக்கு மேல் அலங்காரம்தான்.

துணியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அநியாயம். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது அதுதான். கோடுகோடாக மேடு பள்ளம் உள்ள பெட்ஃபோர்டு கார்டு, ஆட்டு முடியில் நெய்த மோஹேர், 1960களின் போர்ஷேயில் வந்த கறுப்பு வெள்ளைச் சிறு கட்டமான பெபிட்டா, 1976-ல் வந்த கோல்ஃப் ஜிடிஐயின் சிவப்புக் கட்டம் என்று ஒவ்வொரு காருக்கும் முகமே துணியில்தான் இருக்கும். அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்த ஃபோக்ஸ்வாகன் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட்தான் கோல்ஃப் பந்து வடிவத்தில் கியர் குமிழையும் வைக்கச் சொன்னவர். அப்படிப்பட்ட காரை வாங்கிவிட்டு அதற்குப் பழுப்பு லெதர் போடுபவர்களை என்ன சொல்ல!

துணி வாங்கும்போது மார்ட்டின்டேல் எண்ணைக் கேட்பார்கள், எத்தனை ஆயிரம் தேய்ப்பைத் தாங்கும் என்ற கணக்கு அது. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் காரில் துணியைக் கொல்வது தேய்ப்பைவிட வெளிச்சம். நிறம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1 முதல் 8 வரை ஓர் அளவுகோல் உண்டு, 6-க்குக் கீழே இருப்பதை நான் தொட மாட்டேன். வீட்டுத் துணிகள் பல இங்கேதான் தோற்கும். முன்கண்ணாடி இரட்டை அடுக்காக இருந்தால் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் அவ்வளவு தடுக்காது, அதனால் கதவுப் பக்கத் தோள்தான் முதலில் வெளுக்கும். கட்டம் போட்ட துணி என்றால் கோடுகளைப் பொருத்துவதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். வெல்வெட் மாதிரி முடி உள்ளதென்றால் எல்லாத் துண்டிலும் முடி ஒரே திசையில் படிய வேண்டும். ஒரு துண்டு திரும்பிவிட்டால் ஒரே துணிதான், இரண்டு நிறமாகத் தெரியும்.

மென்தோல் போலத் தொடுகைக்கு இருக்கும் அல்கன்டாரா என்ற செயற்கைத் துணி பற்றியும் கேட்பார்கள். 1970-ல் ஜப்பானில் டோரே நிறுவனத்தில் உருவான பொருள், பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்தது. எண்பதுகளின் லான்சியா என்ற இத்தாலியக் கார்களுக்குப் பொருத்தம். அறுபதுகளின் காரில் அது காலம் தப்பித் தெரியும்.

ஐந்தாறு சாம்பிள்களை வீட்டுக்கு எடுத்து வந்து நான் செய்தவை எளிமையானவை. ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடி, டேஷ்போர்டின் மேல் வெயிலில் போட்டுவைத்தேன். சில வாரம் கழித்து அட்டையை எடுத்தால் கோடு தெரிந்ததெல்லாம் வெளியே. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தேன், ஒரு சிவப்பு வினைலின் நிறம் அப்படியே துணியோடு வந்தது. புது ஜீன்ஸை நனைத்து வெளிர் நிறச் சாம்பிள்களில் தேய்த்தேன், நீலம் ஏறி, துடைத்தும் போகாதவை கழிந்தன. வெளிர் நிறம் கேட்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பிறகு இரண்டாக மடித்து, கிளிப் போட்டு வெயிலில் வைத்தேன். பிரித்ததும் மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றால் அது சீட்டில் சீக்கிரம் வெடிக்கப் போகிறது.

தீயைப் பற்றி மட்டும் சாம்பிள் சோதனையை நம்ப வேண்டாம், விற்பவரிடம் சான்றிதழ் கேளுங்கள். கார் உட்புறப் பொருள்களுக்கு 1972 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி, கிடையாக வைத்த பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. அலங்காரத் துணிக் கடையில் வாங்கும் சுருளுக்கு இந்தப் பேச்சே இருக்காது. பழைய காரில் பெட்ரோல் குழாயும் ஒயரும் எந்த நிலையில் இருக்கும் என்று நமக்குத் தெரியுமல்லவா?

இத்தனைக்கும் பிறகு நான் எடுத்தது பழைய துண்டின் நீலத்துக்கும் அச்சுக்கும் மிக நெருங்கிய கார் தர வினைல், நடுவில் துளையிட்டது. நிறம் சரியாகப் பொருந்திய இன்னொன்றும் இருந்தது, ஆனால் அதன் பளபளப்பு கூடுதல். பகலில் சாம்பிளைத் தனியாகப் பார்த்தால் தெரியவில்லை, சீட்டின் வளைவில் போர்த்திப் பார்த்தபோது பொம்மை போல மின்னியது. நிறம் ஒரு நிழல் தள்ளியிருந்தால்கூடக் கண் பழகிவிடும், மினுக்கம் பழகாது.

தைக்கும்போது மூன்று விஷயங்களைக் குஷன்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். நூல் முதலாவது. பருத்தி நூல் மக்கிப் போகும். நைலான் வலுவானது, வெயிலில் பாலியெஸ்டர்தான் அதிகம் நிற்கும். நாங்கள் பாலியெஸ்டர் போட்டோம். இரண்டாவது, தையலின் நெருக்கம். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று தோன்றும். தோலிலும் வினைலிலும் அது நேர்மாறு: துளைகள் நெருங்கினால் தபால்தலைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். மூன்றாவது, பழைய உறையைப் பிரித்து அச்சாக வைத்து வெட்டுவது. டிரைவர் சீட்டின் உறை இழுபட்டு உருமாறியிருக்கும். அதை அப்படியே வெட்டினால் புது உறையும் தொளதொளவென்று வரும். "அந்தப் பக்கத்து சீட்டைப் பிரிச்சுத் திருப்பிப் போட்டு வெட்டணும், தம்பி. அதுல ஆள் உட்கார்ந்ததே கம்மி" என்றார். பல கார்களில் முன் சீட்டுகள் இரண்டும் கண்ணாடிப் பிம்பமாக இருப்பதால் இது நடக்கும். உங்கள் காரில் அப்படியா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

மாட்டுகிற அன்றைக்கு உறையை வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துவைத்தார். சூடான வினைல் இணங்கிக் கொடுக்கும், குளிர்ந்த பிறகு இறுகிக்கொள்ளும். கோணிக்கு மேல் ஒரு காடாத் துணி விரித்து, அதன் மேல் நார்ப் பட்டை, அப்புறம் உறை. உறையைப் பிடித்து நிறுத்தும் வளையக் கம்பிகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பக்கமாக ஆரம்பித்தால் கோடுகள் கோணிப் போகும்.

பொருள் வாங்கும்போது முன் சீட், பின் சீட், தலைசாய்ப்பு, கதவுப் பலகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுருளிலிருந்து வாங்குங்கள். முன் சீட் இப்போது, பின் சீட் அடுத்த வருடம் என்று பிரித்தால் அடுத்த சுருளின் நிறம் லேசாக மாறியிருக்கும். ஒரு மீட்டர் அதிகமாக வாங்கி, மடிக்காமல் குழாயில் சுற்றி, சுருளின் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். பழைய உறைகளையும் தூக்கிப் போட வேண்டாம். பின்னால் காரை வாங்குகிறவர் ஒருவேளை இந்த வேலையை முதலிலிருந்து செய்ய நினைத்தால், அச்சுக்கும் நிறத்துக்கும் அவருக்கு அவைதான் வேண்டியிருக்கும்.